மூடாமல் வைத்த இரண்டு கார்டுகள்

மாதனூர் பக்கத்து ஷூ கம்பெனியில் செல்வகுமார் யார் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கார்டு செல்வம் என்று கேட்டால் ஒரே ஆள்தான். கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உருவம். யார் என்ன கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்பார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பிளஸ் டூவில் கணக்கில் தோற்றுப்போன செல்வகுமார், மறுபடி எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். மறுபடி எழுதவில்லை. சம்பளம் பேங்கில் விழ ஆரம்பித்துச் சில வருடங்கள் கழித்து, கேட்காமலே அவர் பேருக்கு ஒரு கிரெடிட் கார்டு வந்தது. கம்பெனித் தொழிலாளிகளில் அப்போது வேறு யாரிடமும் அது கிடையாது. முதன்முதலாக மனைவி ஜோதிக்கு ஒரு மிக்ஸி வாங்கித் தந்து, மாதத் தவணையாகக் கட்டினார். ஜோதி அந்தப் பெட்டியைக்கூட ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை.

அதன் பிறகு பேக்கிங்கில் இருந்த ஒருவன் வந்தான். "அண்ணா, ஒரு போனு எடுத்துக் குடுண்ணா. மாசா மாசம் உன் கையில குடுத்துர்றேன்." எடுத்துக் கொடுத்தார். அடுத்தவன் பிரிட்ஜுக்கு வந்தான். தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் வேண்டுமென்று இன்னொருவன். முதல் கார்டு போதாமல் இரண்டாவது கார்டு வாங்கினார். எல்லோரும் ஒழுங்காகத்தான் கட்டினார்கள், கொரோனா வந்து கம்பெனி மூடும்வரை.

சம்பளமில்லாத அந்த மாதங்களில் யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் திருப்பூர் போய் நம்பரை மாற்றிவிட்டார்கள். அரிசிக்கும் வாடகைக்கும் காசு வேண்டியிருந்தது. ஆம்பூர் பஜாரில் ஒரு மொபைல் கடைக்காரன், பொருள் வாங்கியதாகக் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு மூன்று ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பான். இந்தக் கார்டில் தேய்த்து அந்தக் கார்டுக்குக் கட்டுவது, அந்தக் கார்டில் தேய்த்து இந்தக் கார்டுக்குக் கட்டுவது என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினார். ஒருநாள் இரண்டுமே நிரம்பிவிட்டன.

அதற்குப் பிறகுதான் போன்கள் வர ஆரம்பித்தன. அவருக்கு வந்தது, ஜோதிக்கு வந்தது, கம்பெனி ஆபீஸுக்கும் வந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் ஆன்லைன் கிளாஸுக்காக மகள் ஷர்மிளாவிடம் இருந்தது. அவள் அப்போது பத்தாவது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்துக் காதில் வைத்தவள், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"உன்னத் திருடன்னு சொல்றாங்கப்பா. நான் இன்னா சொல்றது?"

அன்று செல்வகுமார் வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்துக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று ஜோதி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் வண்டிச் சாவி அவளுடைய இடுப்பில்தான் இருந்தது.

அவரைத் தூக்கி நிறுத்தியவர் கட்டிங் இன்சார்ஜ் நிசார் அஹமது. ஆபீஸுக்கு வந்த போனைப் பற்றிக் கேள்விப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் தனியாக அழைத்துப் போனார்.

"பாதி கட்டு, செட்டில் பண்ணிக்கலாம்னு சொல்லுவானுங்க. ஒத்துக்காத. என் தம்பி அப்படித்தான் பண்ணான். ஊடு கட்ட லோனு கேட்டு இன்னிக்கு வரைக்கும் பேஜார் பட்டுக்கினு இருக்கான். முழுசா கட்டு. ஓவர்டைம் நான் போட்டுத் தர்றேன்."

ஜோதியின் தாலிச் சங்கிலி போயிற்று. மஞ்சள் கயிற்றோடு இருந்தாள். வீட்டிலேயே ஷூவின் மேல்தோல் தைத்துக் கொடுத்து அவள் சம்பாதித்ததும், அவருடைய ஓவர்டைமும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கார்டுகளுக்கே போயின. ஒருவழியாக இரண்டிலும் பாக்கி இல்லை என்று மெசேஜ் வந்த அன்று, ஜோதி நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வெட்டுங்க."

"வெட்டிப் பிரயோஜனம் இல்ல. போன் பண்ணி மூடச் சொல்லணும்."

"சரி, பண்ணுங்க."

பண்ணியிருப்பார். ஆனால் அந்த வாரம்தான் ஷர்மிளாவின் பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. வேலூரில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாலு வருடப் படிப்பு. கல்விக் கடன் இல்லாமல் முடியாது. எதற்கும் பேங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடலாம் என்று போனார்.

மேனேஜர் சீனிவாசன் பொறுமையானவர். கம்ப்யூட்டரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"கடன ஒழுங்கா கட்டுறீங்களான்னு மார்க்கு மாதிரி ஒரு ஸ்கோர் இருக்குது. உங்களுது அறுநூத்து எழுபத்தொம்பது. எழுநூறு இருந்தாத்தான் எங்க ஹெட் ஆபீஸ்ல பாஸ் ஆகும். பழைய பாக்கிய முழுசா கட்டியிருக்கீங்க, அதனால ஏறிக்கினு இருக்குது. ஆகஸ்ட்டுல திருப்பிப் பாக்கலாம்."

"சார், அந்த ரெண்டு கார்டயும் மூடிடலாம்னு இருக்கேன்."

"ஐயையோ, மூடிடாதீங்க. முதல் கார்டுக்கு எட்டு வருஷம் ஆவுது. உங்களுக்குன்னு பழைய கணக்கு அது ஒண்ணுதான். மூடினீங்கன்னா உங்க கையில இருக்கற லிமிட்டும் போயிடும், ஸ்கோரும் எறங்கிடும். ரெண்டும் அப்படியே இருக்கட்டும். மாசம் பெட்ரோல் மட்டும் போடுங்க, தேதிக்கு முன்னாடி கட்டிடுங்க. வேற எதுக்கும் தொடாதீங்க. தொடாம இருந்தா போதும்."

தொடாமல் இருந்தால் போதும். அது எவ்வளவு கஷ்டம் என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு ஆசைகள் கிடையாது. புதுச் சட்டைகூடத் தீபாவளிக்குத்தான். யாராவது வந்து எதிரில் நின்று கேட்டால் இல்லையென்று சொல்ல வராது, அவ்வளவுதான். கார்டு மூடியிருந்தால் 'இல்லை' என்பது உண்மையாகிவிடும், வாய் கூசாது. அதற்காகத்தான் மூட ஆசைப்பட்டார்.

வீட்டில் ஜோதி ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அது ரெண்டும் தெறந்து கெடக்கிற வரைக்கும் ஊர்ல இருக்கிற கஷ்டமெல்லாம் நம்ம ஊட்டுக்குத்தான் வரும். வேற எங்கனா கடன் வாங்கிப் படிக்க வைக்கலாம். மூடுங்க."

"வேற எங்க குடுப்பான்? வட்டிக்கா? ரெண்டு மாசம்டி. ஆகஸ்ட்டு வரைக்கும். அப்புறம் நீயே வெட்டிப் போடு."

ஷர்மிளா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து ஜோதியும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கம்பெனியில் யாராவது கேட்டால் "பிளாக் ஆயிடுச்சுப்பா" என்று சொல்லப் பழகினார். முதல் தடவை சொன்னபோது வியர்த்துவிட்டது. பிறகு கொஞ்சம் சுலபமாயிற்று. ஜூலையில் ஸ்கோர் அறுநூற்றுத் தொண்ணூற்று நாலு. போனை ஜோதியிடம் காட்டினார். அவள் சிரிக்கவில்லை என்றாலும், அன்று முட்டைக் குழம்பு வைத்தாள்.

ஜூலை கடைசியில் திமிரியிலிருந்து அக்கா சம்பூர்ணம் போன் செய்தாள். அவளுடைய புருஷன் வேதாசலத்துக்குச் சர்க்கரை உண்டு. வேர்க்கடலைக் காட்டில் காலில் ஏதோ குத்தியதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். பாதம் கறுத்து, காய்ச்சலும் கண்டு, வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"இன்சூரன்ஸ் கார்டுல அவரு பேரு தப்பா இருக்குதாம்டா. திருத்தி வர பத்து நாளு ஆவுமாம். டாக்டரு ரெண்டு நாளுக்கு மேல தாங்காதுன்றாரு. தொண்ணூறாயிரம் கட்டச் சொல்றாங்க. நீ வாடா."

செல்வகுமார் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினார். இரண்டு கார்டும் சட்டைப்பையில் இருந்தன. ஏன் எடுத்துப் போனார் என்று பிற்பாடு ஜோதி கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கார்டு மூடிட்டேன் அக்கா. கார்டு மூடிட்டேன் அக்கா.

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடத்தில் நீளமான வரிசை. அக்கா ஏற்கெனவே அதில் நின்றிருந்தாள். கையில் பணமில்லை, ஆனாலும் நின்றிருந்தாள். தம்பி வருவான், கட்டுவான் என்று தெரிந்து நின்றவள். தலை வாரவில்லை. வேதாசலம் மேலே வார்டில் நினைவு தப்பிக் கிடந்தார்.

அவளைப் பார்த்ததும் அந்த வாக்கியம் வாய்க்கு வரவில்லை. பொய் சொல்ல முடியாமல் உண்மையைச் சொன்னார். கார்டு இருக்கிறது, காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போது இதில் தேய்த்தால் ஸ்கோர் விழுந்துவிடும், ஷர்மிளாவின் லோன் போய்விடும், சீட்டும் போய்விடும் என்றார். சொல்லச் சொல்ல, அவருடைய காதுக்கே அது கணக்குப் பேசுவதுபோல் இருந்தது.

சம்பூர்ணம் கத்தவில்லை.

"உன் பொண்ணு அடுத்த வருஷம் படிக்கலாம்டா செல்வா. காலு அடுத்த வருஷம் வருமா?"

வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "கேஷா, கார்டா?" என்று கேட்டாள். அக்கா அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வகுமார் இரண்டு கார்டையும் எடுத்து வைத்தார். ஒன்றில் ஐம்பது, மற்றொன்றில் நாற்பது. மிஷினில் நம்பரை ஒருமுறை தப்பாகப் போட்டு, மறுபடி போட்டார்.

வேதாசலத்துக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பித்தது.

ஆகஸ்ட்டில் ஸ்கோர் அறுநூற்று ஐம்பத்தொன்று. சீனிவாசன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தொடாதீங்கன்னு சொன்னேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செல்வகுமார் காரணத்தைச் சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டார். "புரியுது. ஆனா ஹெட் ஆபீஸுக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்" என்றார்.

பேங்க் வாசலில் நின்றபடியே செல்வகுமார் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். மூட வேண்டும் என்றார். இப்போதே மூட வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: "சார், பாக்கி இருக்கும்போது குளோஸ் பண்ண முடியாது. முழுத் தொகையும் கட்டிட்டுக் கூப்பிடுங்க." ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கு நினைவில்லை. கத்திவிட்டு, அந்தப் பெண்ணிடமே மன்னிப்பும் கேட்டார்.

கல்லூரிக்குப் பணம் கட்டும் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அது பணம் கட்டாமலே கழிந்தது. திங்கட்கிழமை ஷர்மிளா கம்பெனி பஸ் ஏறினாள். தையல் செக்‌ஷனில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்களோடு உட்காருவாள், அவர் பின்னால். சுருட்டைத் தலையும் நீல யூனிஃபார்முமாக அந்த முதுகைத்தான் அவர் தினமும் பார்த்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஒருநாள் அவராகவே, "அப்பா மேல கோவமாம்மா?" என்று கேட்டார்.

"மாமா நடக்கறாருல்ல? போதும்ப்பா."

அதற்கப்புறம் பல வாரங்கள் வீட்டில் அவள் பேசியதெல்லாம் தண்ணி வந்துச்சா, சாவி எங்கே, அவ்வளவுதான். அவர் சாப்பிட்ட தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. மறுபடி பாலத்துப் பக்கம் வண்டி போய்விடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வீடு வந்ததும் அவராகவே வண்டிச் சாவியை எடுத்து ஜோதியிடம் கொடுத்துவிடுவார். அவளும் வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

சம்பூர்ணம் ஏமாற்றவில்லை. இரண்டு கறவை மாடுகளை விற்றுப் பாதியைக் கட்டினாள். வேர்க்கடலை எடுத்துப் பொங்கலுக்கு முன்னால் மீதி. அதைக் கொடுக்க வேதாசலமே கம்பு ஊன்றிக்கொண்டு மாதனூர் வந்தார். ஷர்மிளா கம்பெனி யூனிஃபார்மோடு உள்ளே வந்ததும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இலை போட்டும் உட்கார மறுத்தார்.

"அன்னிக்கு எனக்கு நெனவு இல்ல ஜோதி. இருந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருக்க மாட்டீங்கண்ணா" என்றாள் ஜோதி. "யாருந்தான் சொல்லுவாங்க? உக்காருங்க, சோறு ஆறுது."

அவர் சாப்பிட்டார். ஷர்மிளாதான் பரிமாறினாள்.

இரண்டு கார்டிலும் மறுபடி பாக்கி இல்லை. இந்தத் தடவை வீட்டில் பேச்சு தலைகீழாக இருந்தது. ஜூனில் மகள் மறுபடி மனுப் போட வேண்டும், ஸ்கோர் ஏற வேண்டும், ஆகவே மூடக்கூடாது என்று ஜோதி நின்றாள். செல்வகுமார்தான் மூடுவேன் என்றார்.

"இன்னாங்க, போன வருஷம் நானு மூடுன்னேன், நீங்க வேணாம்னீங்க. இப்போ நீங்க மூடுறேன்றீங்க. அவ தலையில இன்னொரு வருஷம் மண்ணப் போடப் போறீங்களா?"

"எனக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது ஜோதி." இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "நாளைக்கு உன் அண்ணன் வந்து நின்னாலும் குடுத்துருவேன். நிசார் பாய் வந்து நின்னாலும் குடுத்துருவேன். நானா வாங்கித் துன்ன கடன் எதுவும் இல்ல. ஆனா இது பையில இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது. பேங்க்காரரு தொடாம இருங்கன்றாரு. என்னால முடியல."

ஜோதி தைத்துக்கொண்டிருந்த மேல்தோலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாததல்ல, அவர் வாயால் கேட்பதுதான் முதல் தடவை.

மறுநாள் இரண்டு பேருமாகப் பேங்குக்குப் போனார்கள். அவர் வெட்கப்பட்டு மென்று விழுங்கியதை ஜோதியே மேனேஜரிடம் சொன்னாள். சீனிவாசன் கம்ப்யூட்டரில் இரண்டு கார்டின் கணக்கையும் திறந்து பார்த்தார்.

"அப்போ ரெண்டையும் மூட வேணாம். வருஷக் கட்டணம் புடிக்கிறான் பாருங்க, அந்த ரெண்டாவது கார்டு, அத மூடிடுங்க. பழசு இருக்கட்டும், காசு எதுவும் கேக்கறதில்ல. ஆனா லிமிட்ட கொறைக்கச் சொல்லுங்க. பதினஞ்சாயிரம் போதும். யார் வந்து கேட்டாலும் அதுக்கு மேல உங்களால குடுக்கவே முடியாது. ஸ்கோர் கொஞ்சம் அடிபடும். பரவாயில்லயா?"

"எவ்ளோ அடிபடும் சார்?"

"அது எனக்கும் தெரியாதுங்க."

இரண்டாவது கார்டை மூட அன்று சாயந்திரம் முழுக்கப் போன் பேச வேண்டியிருந்தது. வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். லிமிட்டை இரண்டு லட்சமாக உயர்த்தித் தருகிறோம் என்றார்கள். பக்கத்தில் ஜோதி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வேணாம்மா" என்றார். கார்டை மூட என்ன காரணம் என்று கேட்டபோதுதான் திணறினார். அந்தப் பெண் அவளாகவே ஏதோ ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டாள். பழைய கார்டின் லிமிட்டும் பதினைந்தாயிரமாக இறங்கியது.

ஸ்கோர் விழுந்தது. மூடியது தப்போ, அவசரப்பட்டு மகளின் இன்னொரு வருடத்தையும் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்து நினைத்து, தோல் வெட்டும்போது கை தவறி ஒரு முழுத்தோலைப் பாழாக்கினார். நிசார் அஹமது அதை எடுத்து ஓரமாகப் போட்டார். ஏப்ரலில் கொஞ்சம் ஏறியது. மே மாதம் ஏறவே இல்லை. ஜூனில் அறுநூற்று எண்பத்தெட்டு. எழுநூறு வரவில்லை.

சீனிவாசன் அப்படியே மனுவை அனுப்பினார். கூடவே தன் கைப்பட இரண்டு வரி எழுதிச் சேர்த்ததாகச் சொன்னார். ஒரு தடவை திரும்பி வந்தது. ஷர்மிளாவின் பத்து மாதச் சம்பளச் சீட்டுகளை வைத்து மறுபடி அனுப்பினார். ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் தருவோம், விடுதிக்குக் கிடையாது.

அதனால் ஷர்மிளா தினமும் காலையில் பஸ் பிடித்து வேலூர் போய் வருகிறாள். வகுப்பில் எல்லோரையும்விட அவள் ஒரு வயது பெரியவள். புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் செல்வகுமார் மறுபடி ஓவர்டைம் பார்க்கிறார். நாலு வருடம் முடிவதற்குள் இன்னும் யார் யார் வந்து எதிரில் நிற்பார்களோ என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை. அக்காவின் நம்பர் போனில் வந்தால் இன்றைக்கும் மணி நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுக்கிறார்.

முதல் மாதத்தில் ஒருநாள் திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் தூங்கிவிட்டாள். மாதனூரில் இறங்காமல் ஆம்பூர்வரை போய்விட்டாள். அங்கிருந்து போன் செய்தாள். ஜோதியிடம் சாவியை வாங்கிக்கொண்டு அவர் வண்டியில் போனார். பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தாள்.

"பசிக்குதுப்பா" என்றாள்.

எதிரே இருந்த கடையில் இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவள் சாப்பிட்டுக்கொண்டே அன்று வார்டில் பார்த்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருடமாக அவள் அவரிடம் அவ்வளவு பேசியதில்லை. செல்வகுமார் கேட்டுக்கொண்டே இருந்தார்.